பாவாடை நாடாவின் கணக்கு

அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கும் அக்காவிடம் அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு பெண். மேலே பெயர், கீழே மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று இஞ்ச் கணக்கில் எண்கள். அடுத்த முறை துணி கொண்டு போனால் பழைய எண்களை அடிக்க மாட்டார். அதற்குக் கீழேயே தேதி போட்டு இன்னொரு வரி எழுதுவார். கல்லூரியில் சேர்ந்த வருடம் சுடிதாருக்கு எடுத்த இடுப்பு 26. கல்யாண ரவிக்கைக்கு வந்தபோது 28. குழந்தை பிறந்து ஒரு வருடம் கழித்து 32. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரு பெண்ணின் இருபதுகள் முழுவதும் அதில் கிடைக்கும்.

“எல்லாரும் வெயிட்டு ஏறலக்கா, அப்படியேதான் இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. டேப்ப சுத்துனா ரெண்டு இஞ்ச் கூட இருக்கும். அதனாலதான் நான் எப்பவும் உள்ள துணி விட்டுத் தைக்கறது. ஒரு வருஷத்துல பிரிச்சு விடச் சொல்லி வந்துடுவாங்க” என்றார் ஒருமுறை.

தொழில் அனுபவத்தில் அவர் சொன்ன வார்த்தை இது. இதய நோய் ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் சுற்றிவிட்டு வந்து சேர்ந்த இடமும் இதுதான். எடை மாறாமலே உடம்பு மாறும். மாறுவது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து, நாற்பது ஐம்பது வயதில் அந்தப் பெண்ணின் இரத்தக் குழாய்கள் எப்படி இருக்கும் என்பது பெருமளவு முடிவாகிறது.

அக்காவின் நோட்டில் கிலோ என்ற சொல்லே கிடையாது. நமக்கோ உடம்பு என்றாலே கிலோதான். புறநகர் ரயில் நிலையங்களில் கலர் விளக்கு சுழலும் எடை மெஷினில் காசு போட்டு, விழும் அட்டையை எடுத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடையே பலனைச் சொல்லிவிடும் என்ற எண்ணம் அதிலேயே மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

மருத்துவமும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியது. பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீடு பிறந்தது மருத்துவமனையில் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளர் அடால்ஃப் கெத்தலே, ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832-ல் எழுதினார். கொழுப்பையோ இதயத்தையோ பற்றிய கவலை அவருக்கு இல்லை. 140 ஆண்டுகள் கழித்து, 1972-ல், அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் அந்தச் சூத்திரத்தைத் தேடியெடுத்து இன்றைய பெயரைச் சூட்டினார். கொழுப்பை ஊகிக்க இது ஓரளவு உதவும் என்று காட்ட, ஐந்து நாடுகளில் 7,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை எடுத்துக்கொண்டார். அத்தனை பேரும் ஆண்கள்.

அந்தக் கணக்குதான் இன்று ஆவடியில் ஒரு கல்லூரி மாணவிக்குத் தீர்ப்புச் சொல்கிறது. அவள் உயரம் 152 செ.மீ., எடை 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 52-ஐ 1.52-ன் வர்க்கத்தால் வகுத்தால் 22.5. உலகத்துக்குப் பொதுவான அட்டவணையில் 25 வரை இயல்பு. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது; இந்திய மருத்துவர்களும் 2009-ல் அந்த 23-ஐயே ஏற்றுக்கொண்டார்கள். எந்த அட்டவணையில் பார்த்தாலும் இந்தப் பெண் தேறிவிடுகிறாள். ஆனால் அந்த 52 கிலோவில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? பி.எம்.ஐ.யிடம் இதற்குப் பதில் இல்லை.

இதை ஒரே புகைப்படத்தில் காட்டியவர்கள் இரண்டு மருத்துவர்கள். புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யூட்கின். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. கருவியில் படுக்கவைத்து உடற்கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே எண்ணுக்குள் இரட்டிப்புக்கும் மேலான வித்தியாசம் ஒளிந்திருந்தது.

யாக்னிக் அதோடு நிற்கவில்லை. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5. கையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு எல்லாமே நம் குழந்தைகளுக்குக் குறைவு. முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இன்னொரு ஒப்பீட்டில், நம் குழந்தைகளின் தொப்புள் கொடி இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. தாயின் வயிற்றில் சத்துக்குறைவோடு வளரும் சிசு, மூளைக்கும் கொழுப்புக்கும் கொடுத்துவிட்டுத் தசையில் சிக்கனம் பிடிக்கிறது. ‘ஒல்லிக் கொழுப்பு’ உடல்வாகு என்று அவர் இதைச் சொன்னார். “ஒல்லியாத்தானே இருக்கா, அவளுக்கென்ன” என்று நம் வீடுகளில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருவார்கள்.

சரி, கொழுப்பை எப்படி அளப்பது? உயிரோடு இருக்கும் உடம்பைத் திறக்காமல், உள்ளே இருக்கும் ஒரு பொருளை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மனிதர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிகள் அழகானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு.

முதல் வழி தண்ணீர். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் மூழ்கும். கொழுப்பின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.9 கிலோ, மற்றவற்றுக்குச் சுமார் 1.1. ஆளைத் தொட்டியில் முழுக்க மூழ்கடித்து எடை பார்த்தால் உடம்பின் கன அளவு கிடைக்கும், அதிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து கொழுப்பு. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே 1940களில் இதைச் செய்துகாட்டினார். பிறகு வந்த வில்லியம் சிரி எளிய சூத்திரம் ஒன்று தந்தார்: 495-ஐ அடர்த்தியால் வகுத்து, 450-ஐக் கழித்தால் கொழுப்பின் விழுக்காடு.

நம் 52 கிலோப் பெண்ணை வைத்தே போட்டுப் பார்க்கலாம். உடல் அடர்த்தி 1.03 என்றால் கன அளவு 50.5 லிட்டர், கொழுப்பு 30.6 விழுக்காடு. அடர்த்தி 1.02 என்றால் கன அளவு 51 லிட்டர், கொழுப்பு 35.3 விழுக்காடு. நடுவில் இருக்கும் வித்தியாசம் அரை லிட்டர். அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து விடியற்காலையில் வருகிற அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அதைத் துல்லியமாகக் கழிக்காவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். இத்தனை நுணுக்கமான வேலையை மழைக்காலச் சளியோடு வரிசையில் நிற்கும் நூறு மாணவிகளிடம் செய்ய முடியாது.

இரண்டாவது வழி கிள்ளுவது. தோலையும் அதன் கீழ்க் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கி போன்ற காலிப்பரால் தடிமனை அளப்பது. மேற்கையின் முன்புறம், மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் என நான்கு இடங்கள். டர்னின், வோமர்ஸ்லி என்ற இருவர் 1974-ல் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து உருவாக்கிய அட்டவணை உலகமெங்கும் பரவியது. ஸ்காட்லாந்துக்காரர் உடம்பில் தோலடிக் கொழுப்புக்கும் மொத்தக் கொழுப்புக்கும் என்ன விகிதமோ அதுவேதான் திருமுல்லைவாயல் பெண்ணுக்கும் என்று எடுத்துக்கொண்டால் தவறு வரும். அளப்பவரின் விரல் பழகியிருக்கவும் வேண்டும்.

இப்போது நம் பக்கத்து ஜிம்களிலும் முகாம்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் வந்துவிட்ட மெஷின் மூன்றாவது வகை. செருப்பைக் கழற்றிவிட்டு உலோகத் தகட்டில் ஏறி நின்றால் சில நொடிகளில் ‘கொழுப்பு 33.4%’ என்று சீட்டு வரும். உள்ளே நடப்பது மின்சாரக் கணக்கு. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான, உடம்புக்கு உறைக்காத மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில், உடம்புக்குள் அனுப்பப்படுகிறது. கொழுப்பு நீங்கலான உடம்பில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர். அதில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பு தடுக்கும். தடையை அளந்தால் தண்ணீர் தெரியும். தண்ணீர் தெரிந்தால் கொழுப்பு நீங்கலான எடை தெரியும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு.

ஆக, இந்த மெஷின் கொழுப்பை அளக்கவே இல்லை. தண்ணீரை அளந்து கொழுப்பை ஊகிக்கிறது. மே மாத மதியத்தில் எம்.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று வியர்த்து வந்தவளுக்கு ஒரு எண். மறுநாள் காலை வீட்டில் ஏறினால் வேறு எண். மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் உடம்பில் நீர் கோர்ப்பதும் எண்ணை மாற்றும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. மின்தடை, மெல்லிய கம்பியில் அதிகம், தடித்த கம்பியில் குறைவு. கைகால்கள் மெல்லிய கம்பி, நடு உடம்பு தடித்த கம்பி. உடல் எடையில் ஏறத்தாழ பாதி நடு உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் மொத்த மின்தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்றுதான். பாதத்தை மட்டும் வைத்து நிற்கும் மலிவான மெஷினில் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கிவிடும். வயிற்றைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்கு அது காலை வைத்துப் பதில் சொல்கிறது. ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றோடு மாதா மாதம் ஏறினால் போக்கு தெரியும். ஒரு நாள் சீட்டை வைத்துக்கொண்டு மனம் உடைந்துபோவதில் அர்த்தமில்லை. (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மெஷினில் ஏற வேண்டாம்.)

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா கருவி இரண்டு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களால் கொழுப்பு, தசை, எலும்பு மூன்றையும் பிரித்துக் காட்டும். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி மேல். வயிற்றின் ஒரு குறுக்கு வெட்டில் தோலடிக் கொழுப்பு எவ்வளவு, உள்ளுறுப்பைச் சுற்றிய கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இவை ஆராய்ச்சிக்கு அவசியம். அன்றாட வாழ்க்கைக்குச் செலவு அதிகம்.

அந்த ‘உள்ளுறுப்பைச் சுற்றிய கொழுப்பு’தான் இந்தக் கட்டுரையின் மையம். ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்: குடலோடு வலை போல ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளைக் கொழுப்பு. நமக்கும் அதேதான். இடுப்பில் கையால் பிடிக்க வரும் மடிப்பு தோலடிக் கொழுப்பு. இது வயிற்றுத் தசைக்கு உள்பக்கம் இருப்பது, கையில் அகப்படாது.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியம் என்று முதலில் வற்புறுத்தியவர் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். தொடையிலும் பின்புறத்திலும் கொழுப்பு சேரும் பெண்களைவிட, ஆண்களைப் போல வயிற்றில் சேரும் பெண்களுக்குத்தான் சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்று 1947-ல் எழுதினார். அன்று பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் 1,462 பெண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1984-ல் வெளியான ஆய்வுதான் அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. இடுப்பு அளவைப் பின்புற அளவால் வகுத்து வரும் விகிதம் கூடக்கூட மாரடைப்பும் கூடியது. பின்னர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வும் அதையே சொன்னது: மாரடைப்பை முன்னறிவிப்பதில் பி.எம்.ஐ.யைவிட இந்த விகிதம் வலுவானது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி என்ற செய்தியும் அதே ஆய்வின் தொடர்ச்சியாகத்தான் வந்தது.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது? இடம் அப்படி. தொடைக் கொழுப்பிலிருந்து வடியும் இரத்தம் பொதுச் சுற்றோட்டத்தில் கலந்துவிடும். குடலைச் சுற்றிய கொழுப்பின் இரத்தமோ குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை வழியாக நேரே கல்லீரலில் போய் இறங்குகிறது. இந்தக் கொழுப்பு அமைதியாகக் கிடப்பதும் இல்லை. எந்நேரமும் கொழுப்பு அமிலங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை வாங்கித் திணறும் கல்லீரல், ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. அதன் விளைவாக நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். இறங்குகிறது. எல்.டி.எல். துகள்கள் பொடிப்பொடியாகி, குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைகின்றன. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்பதில்லை. சர்க்கரை மெல்ல ஏறுகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் கூடுகின்றன. குழாயைக் காக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது.

தொடைக்கும் பின்புறத்துக்கும் வரும் கொழுப்பு இதற்கு நேர்மாறு. வாங்கி வைத்துப் பத்திரமாகப் பூட்டிக்கொள்ளும் களஞ்சியம் அது. மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் பெண்ணின் கொழுப்பை அந்தப் பக்கம் திருப்பி அனுப்புகிறது. நம் உடல்வாகில் அந்தக் களஞ்சியம் சின்னது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அது சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் வழிகிறது. அதனால்தான் ஒரு ஐரோப்பியப் பெண் 30 பி.எம்.ஐ.யில் சந்திக்கும் சிக்கலை நம் பெண் 24-லேயே சந்திக்கிறாள்.

இதை வேறு ஊர்க் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் வி.மோகன் குழுவினர் 2001-ல் தொடங்கிய சென்னை ஆய்வில் 26,001 பேரைப் பரிசோதித்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகிய சிக்கல்கள் எந்த அளவில் தலைகாட்டுகின்றன என்று தேடியபோது, பி.எம்.ஐ.யில் 23-ம், பெண்களின் இடுப்பில் 82 செ.மீ.யும் வந்தன. பன்னாட்டு விதி சொல்லும் 80-க்கு வெகு அருகில். நம் மேற்குப் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி, நகரம், புறநகர், கிராமம் மூன்றிலுமாக 8,080 பேரை அழைத்து இரத்தக் குழாய்களின் நிலையையே நேரடியாகச் சோதித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் பொது உடல் பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிற்கிறவர்கள் எடை மெஷினில் தேறி, இஞ்ச் டேப்பில் தோற்பவர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டியவர்கள், 2015-16-ல் 30.9 விழுக்காடு, 2019-21-ல் 40.4. அதே கணக்கெடுப்பில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஒரே உடம்பில் கொழுப்பும் சத்துக்குறைவும் சேர்ந்திருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இதைப் பேராசை, சோம்பல் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

1964-ல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரில் இன்று தையல் கம்பெனிப் பெண்களும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களும் ஒரே சாலையில் இறங்குகிறார்கள். இருவருக்கும் வேலை உட்கார்ந்துதான். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் ஓட்டத்தில் நாஷ்டா போய்விடும். மதியம் டப்பாவில் சோறு கூடுதலாகவும் பொரியல் ஒரு கைப்பிடியாகவும் இருக்கும். டீயும் பிஸ்கட்டும் இரண்டு தடவை. ராத்திரி வீட்டார் எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒன்பதரைக்குச் சாப்பாடு. இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் 2025 அறிக்கை சொல்கிறது. இந்தப் பெண்ணின் டப்பாவைத் திறந்து பார்த்தால் அது ஏன் என்று தெரியும்.

“இருபத்திரண்டு வயசுல ஹார்ட்டப் பத்தி என்ன பேச்சு?” என்று கேட்கலாம். கணக்குப் போடும் கருவிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை 40 வயதில் தொடங்குகிறது. நம் நாட்டின் தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் 30-ல் தொடங்குகிறது. அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்பு வருமா என்று கேட்டால் 22 வயதுப் பெண்ணுக்குப் பதில் கிட்டத்தட்ட ‘வராது’தான். கேள்வியைப் பத்து ஆண்டோடு நிறுத்திக்கொள்வதில்தான் பிழை.

குழாய் அடைப்பு சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் விபத்திலும் வேறு திடீர்ச் சாவுகளிலும் இறந்த 15 முதல் 34 வயது வரையான ஏறத்தாழ 3,000 பேரின் குழாய்களைத் திறந்து பார்த்த ஆய்வில், பதின்வயதினரிடமே கொழுப்புக் கோடுகள் தெரிந்தன. பருமனான இளம் ஆண்களிடம் இதயக் குழாய்ப் பாதிப்பு வேகமாக முற்றியிருந்தது. இளம் பெண்களில் பி.எம்.ஐ.யோடு அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜனின் காவல் ஒரு காரணமாக இருக்கலாம். பெண் உடம்பைப் பொறுத்தவரை பி.எம்.ஐ. தவறான கேள்வியாக இருப்பதும் காரணமாகலாம். அந்தக் காவலும் நிரந்தரம் இல்லை. சர்க்கரை நோய் வந்த பெண்ணிடம் அது பெருமளவு கரைந்துவிடுகிறது.

பெண்ணுக்கு இருபதுகளிலேயே இரண்டு முன்னறிவிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று, இப்போது கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பி.சி.ஓ.டி. மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் வெளியே தெரிவது. உள்ளே பெரும்பாலும் இன்சுலினுக்கு உடம்பு பணியாமை இருக்கும். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று தள்ளிவிடாமல் அப்போதே இடுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

மற்றொன்று கர்ப்பகாலச் சர்க்கரை. இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவர் வீ.சேஷையாவின் விடாமுயற்சியால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை 2007-ல் அரசே ஆணையாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவர் குழு செய்த ஆய்வில் சென்னை நகரத்தில் 17.8 விழுக்காடு, புறநகர்ப் பகுதியில் 13.8, கிராமப்புறத்தில் 9.9 என்று வந்தது. நகரம் நோக்கி நகர நகர எண் ஏறுகிறது. பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் குழந்தையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியவளுக்கும் இது பொருந்தும். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவது போல அந்தச் சோதனைச் சீட்டையும் எடுத்துவைத்து, வருடா வருடம் சர்க்கரை பார்த்தால் ஆபத்தை முன்கூட்டியே மறிக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொழுப்பு பெண் உடம்புக்கு விரோதி இல்லை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உடம்பில் போதுமான சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்கு அதுதான் சேதி சொல்கிறது. சேதி போகாவிட்டால் மாதவிலக்கே நின்றுவிடும். பட்டினி கிடந்து பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் பெண் முதலில் இழப்பது நீரையும் தசையையும். பிறவியிலேயே தசை குறைவான நமக்கு அது இரட்டை நஷ்டம்.

நடையும் உடற்பயிற்சியும் வேறு விதமாக வேலை செய்கின்றன. எடை அசையாமலே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைக் குறைக்க உடற்பயிற்சியால் முடியும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மூன்று மாதம் நடந்துவிட்டு, மெஷினில் ஏறிப் பார்த்து, “ஒரு கிலோகூட இறங்கல” என்று நிறுத்திவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு டேப் இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். மோகன் குழுவினர் பதின்வயதுப் பெண்களுக்கென்றே பத்து நிமிட நடனப் பயிற்சி ஒன்றை வகுத்து அதற்குத் ‘தாண்டவ்’ என்று பெயரிட்டார்கள், மொட்டைமாடியில் ஆடக்கூடியது. மைதானமும் தனி நேரமும் கிடைக்காத பெண்களுக்கு இப்படிப்பட்ட வழிகள்தான் தேவை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்றை வைப்பதும் டப்பாவைக் கட்டுகிறவர் கையில் இருக்கிறது.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைக் கருவியும் கொண்டுவருகிறார்கள். சில ரூபாய் விலையுள்ள இஞ்ச் டேப்புக்கும் அந்தப் பையில் இடம் வேண்டும். அம்மாவைச் சோதிக்க வந்தவர் பக்கத்தில் நிற்கும் மகளின் இடுப்பையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அளக்கும் விதம் முக்கியம். பாவாடை நாடா கட்டும் தழும்பின் மேல் டேப்பை வைக்கக் கூடாது. அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நட்ட நடுவில், தரைக்கு இணையாக, இறுக்காமல் டேப். பாதங்களைச் சேர்த்து நின்று, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை இஞ்ச். இன்னும் எளிய அளவுகோல், இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. பிரிட்டனின் மார்கரெட் ஆஷ்வெல் நெடுங்காலமாக இதை வலியுறுத்திவந்தார். ஐந்தடி உயரம் என்றால் 60 இஞ்ச், பாதி 30. 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து யாரையும் பருமன் என்று முடிவுகட்ட வேண்டாம், இடுப்பளவு போன்ற இன்னொரு அளவும் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

போன மாதம் அக்கா கடைக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்போது நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டப் போகும் புடவையின் ரவிக்கைத் துணியோடு வந்தாள். அக்கா வழக்கமான அளவுகளை எடுத்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, டேப்பை நாடாவுக்கு நாலு விரல் மேலே ஏற்றி, விலா எலும்பைத் தொட்டுப் பார்த்து இடத்தைச் சரிசெய்தார். அந்தப் பெண் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“இழுத்துப் பிடிக்காதம்மா. மூச்ச விடு” என்றார் அக்கா.